வாசகர் கேள்வி: நான் எழுதிய மென்பொருளுக்குப் பெரிய நிறுவனம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது, கையெழுத்திடலாமா?

கடிதத்தின் சுருக்கம்

அச்சகங்களுக்கான மென்பொருள் ஒன்றைத் தனி ஆளாக எழுதித் தாமே விற்றுவரும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன். புத்தகப் பக்கங்களை, தாளை மடித்து வெட்டியபின் வரிசை சரியாக வரும்படி பெரிய தாளில் அடுக்கித் தருவது அந்த மென்பொருளின் வேலை. ஏறத்தாழ நாற்பது அச்சகங்கள் ஒருமுறை பணம் கட்டி அதை வாங்கியிருக்கின்றன. அவர்களுக்குக் கொடுத்த உரிம வாசகம், வேறொரு நிறுவனத்தின் உரிமத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியது. மென்பொருளை நிறுவும் கோப்புறைக்குள் ஓர் உரைக்கோப்பாக அது கிடக்கிறது. தாள் வீணாவதைக் குறைக்கும் கணக்கீட்டுப் பகுதியை நண்பர் ஒருவர் எழுதித் தந்தார். அதற்கு ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடித்தாயிற்று, எழுத்தில் ஒன்றும் இல்லை. பி.டி.எஃப் கோப்புகளைக் கையாள, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற திறமூல (நிரல் எவரும் பார்க்கத் திறந்து வைக்கப்பட்ட) மென்பொருளை எந்த மாற்றமும் செய்யாமல் தம்முடையதோடு சேர்த்தே அனுப்புகிறார்.

இப்போது பல நாடுகளில் கிளைகள் கொண்ட அச்சு நிறுவனம் ஒன்று 14 பக்க ஒப்பந்தத்தை அனுப்பி, இரண்டு வாரத்தில் கையெழுத்திட்டுத் தரும்படி கேட்டிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குப் பிரத்தியேக உரிமம், முழு மூலநிரல் (மென்பொருளை உருவாக்க எழுதிய நிரல் வரிகள்), இனிச் செய்யும் மேம்பாடுகள் அனைத்தின் உடைமை, வரம்பில்லாத இழப்பீட்டு உறுதி, வழக்கு வந்தால் அவர்கள் நாட்டு நீதிமன்றம் ஆகியவை அதில் உள்ளன. தருவதாகச் சொல்லும் தொகை வாசகரின் சில ஆண்டு வருமானத்துக்குச் சமம். "நான் பதிப்புரிமையைப் பதிவு செய்யவில்லை, தனி ஆள் வேறு, பேரம் பேச என்னிடம் என்ன இருக்கிறது? 'எந்தச் சேதத்துக்கும் பொறுப்பல்ல' என்ற வரியை மட்டும் சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

இப்போதுள்ள வடிவத்தில் கையெழுத்திட வேண்டாம். அதற்காக வந்த வாய்ப்பைத் தட்டிக்கழிக்கவும் வேண்டாம். இந்த ஒப்பந்தத்தில் பெரும்பகுதி பேசித் தீர்க்கக்கூடியதே. நீங்கள் அஞ்சுவது பிரத்தியேக உரிமத்தையும் மூலநிரலையும். எனக்குக் கவலை தருவது அவையல்ல. உங்களிடம் முழுதாக இல்லாத ஒன்றை முழுதாக உங்களுடையது என்று உறுதி கூறி, அந்த உறுதிக்கு வரம்பில்லாமல் பிணையும் நிற்கப் போகிறீர்கள் என்பதே என் கவலை. அதைச் சரிசெய்யாமல் மற்ற பிரிவுகளை எவ்வளவு திறமையாகப் பேரம் பேசினாலும் பயன் இல்லை.

முதலில் பதிவு பற்றிய உங்கள் ஐயத்தை நீக்கிவிடுகிறேன். பதிவு செய்யவில்லை என்பதால் உங்கள் உரிமை குறைந்துவிடவில்லை. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், பதிவு போன்ற எந்தச் சடங்கும் இல்லாமலே, படைப்பு உருவான கணத்தில் பதிப்புரிமையும் பிறந்துவிடுகிறது. கணினி நிரல்களை, அவை மூலநிரலாக இருந்தாலும் இயந்திர நிரலாக இருந்தாலும், இலக்கியப் படைப்புகளாகவே கருதிப் பாதுகாக்க வேண்டும் என்று அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு சில நாடுகளில் வழக்காடும்போது உதவும். அமெரிக்காவில் உருவான படைப்புக்கு அங்கே வழக்குத் தொடர அது முன்தேவையும்கூட. ஆனால் உரிமையைத் தருவது பதிவுச் சான்றிதழ் அன்று. எனவே நீங்களே எழுதிய வரிகள் அனைத்தும் இன்றே உங்களுடையவை. நீங்கள் எழுதாத வரிகளைப் பற்றித்தான் இனிப் பேச வேண்டும்.

உங்களுடையது எது, உங்களுடையது அல்லாதது எது

ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவை நீங்கள் அப்படியே எடுத்தெழுதி அனுப்பியது நல்லதாயிற்று. "இம்மென்பொருள் முழுவதும் உரிமம் வழங்குபவரின் சொந்தப் படைப்பே, வேறெவருக்கும் இதில் எவ்வித உரிமையும் இல்லை" என்கிறது அது. இந்த உறுதி பொய்த்தால் வரும் இழப்பு முழுவதையும் நீங்களே ஏற்க வேண்டும் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. இன்றைய நிலையில் அந்த வாக்கியம் இரண்டு இடங்களில் உண்மையல்ல.

முதல் இடம் நண்பர் எழுதிய பகுதி. பணம் கொடுத்துவிட்டதால் அது உங்களுடையது என்று நினைத்திருக்கிறீர்கள். பெரும்பாலான நாட்டுச் சட்டங்கள் அப்படிச் சொல்லவில்லை. சம்பள ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதிய நிரல் பொதுவாக முதலாளிக்குச் சேரும். ஆனால் வெளியாளாக வேலையை ஒப்புக்கொண்டு செய்து தந்தவரின் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை, அவரிடமே தங்கும் என்பதே பரவலான நிலை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்த்த ஒரு வழக்கில், காசு கொடுத்துச் சிலை செய்யச் சொன்ன அமைப்பு அதன் பதிப்புரிமை தனக்கே என்றது. சிற்பி ஊழியர் அல்லர், தன்னுரிமையாக ஒப்புக்கொண்டு வேலை செய்தவர், ஆகவே செய்யச் சொன்னதாலேயே உரிமை அமைப்புக்குப் போய்விடாது என்றது நீதிமன்றம். நிரலுக்கும் இதே தர்க்கம் பொருந்தும்.

நண்பர் பணம் வாங்கிக்கொண்டு நிரலைக் கையில் கொடுத்ததால், அதைப் பயன்படுத்தவும் விற்கவும் உங்களுக்குச் சொல்லாமல் சொன்ன அனுமதி இருப்பதாக நீதிமன்றம் கொள்ளக்கூடும். இத்தனை நாள் நீங்கள் விற்றது அந்த அனுமதியின் நிழலில்தான். ஆனால் அது உங்களுக்கு மட்டுமான அனுமதி அன்று. நாளை அவர் அதே கணக்கீட்டை இன்னொருவருக்கு விற்றால் உங்களால் தடுக்க இயலாது. தம்மிடமே பிரத்தியேகமாக இல்லாததை மற்றொருவருக்குப் பிரத்தியேகமாக எழுதிக் கொடுக்க எவராலும் முடியாது. நிலம் வாங்குபவர் வில்லங்கம் பார்ப்பது போல அந்நிறுவனத்தின் வழக்கறிஞரும் பார்ப்பார். மூலநிரலோடு அதன் கிட் (எந்த வரியை யார் எழுதினார் என்று பதிவு வைக்கும் கருவி) வரலாற்றையும் சேர்த்துக் கொடுத்தால், நண்பரின் பெயரில் நிற்கும் பதிவுகள் முதல் நாளிலேயே அவர் கண்ணில் படும்.

இதற்குத் தீர்வு எளிதுதான், ஆனால் இப்போதே செய்ய வேண்டும். அந்தப் பகுதியின் பதிப்புரிமை முழுவதையும், உலகம் முழுமைக்கும், உரிமைக்காலம் முடியும் வரைக்கும், மாற்றி எழுதவும் பிறருக்கு உரிமம் தரவும் உள்ள உரிமைகள் உட்பட, உங்களுக்கு மாற்றித் தருவதாக நண்பர் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். காலமும் நிலப்பரப்பும் குறிப்பிடப்படாவிட்டால், அவற்றைச் சுருக்கிப் பொருள்கொள்ளும் சட்டங்கள் உண்டு. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதச் சொல்கிறேன். அந்தப் பகுதியை அவரே எழுதினார், எங்கிருந்தும் எடுக்கவில்லை, அப்போது வேறெந்த நிறுவனத்திலும் அதே வேலைக்குக் கட்டுப்பட்டிருக்கவில்லை என்பதையும் அதில் சேருங்கள். பெரிய ஒப்பந்தம் வந்திருப்பதை அவரிடம் சொல்லாமல் கையெழுத்து வாங்கிவிடலாமே என்று தோன்றக்கூடும். வேண்டாம் என்பதே என் கருத்து. பின்னால் தெரியவரும்போது நட்பு கெடுவது ஒருபுறமிருக்க, ஏமாற்றிப் பெற்ற கையெழுத்து என்று அந்த ஆவணத்தையே அவர் எதிர்க்க வழி கிடைத்துவிடும். வந்திருக்கும் வாய்ப்பைச் சொல்லி, கூடுதலாக ஒரு தொகை கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதை ஆவணத்திலேயே குறிப்பிடச் செய்வது மலிவான பாதுகாப்பு.

இரண்டாம் இடம் கோஸ்ட்ஸ்கிரிப்ட். "அதை நான் தொடவே இல்லை, அப்படியே சேர்த்திருக்கிறேன், ஆகவே சிக்கல் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தனி மென்பொருளாளர்களிடம் நான் மிக அதிகமாகக் காணும் தவறான எண்ணம் இதுவே. கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஏஜிபிஎல் என்ற உரிமத்தின் கீழ் இலவசமாகவும், ஆர்ட்டிஃபெக்ஸ் நிறுவனத்திடம் பணம் கட்டிப் பெறும் வணிக உரிமத்தின் கீழும் என இரு வழிகளில் கிடைக்கிறது. ஏஜிபிஎல் விற்பதைத் தடுக்கவில்லை. ஆனால் அதன் கடமைகள் நீங்கள் மாற்றினால் மட்டும் எழுபவை அல்ல. பிரதியை மற்றவருக்குக் கொடுத்தாலே எழுந்துவிடும். உரிம வாசகத்தையும் கோஸ்ட்ஸ்கிரிப்டின் மூலநிரல் கிடைக்கும் வழியையும் உடன் தர வேண்டும். அதோடு இணைந்து ஒரே நிரலாக ஆகிவிடும் உங்கள் நிரலையும் அதே உரிமத்தின் கீழ் திறந்துவிட வேண்டும்.

ஒரே நிரலாக ஆகிவிட்டதா என்பதே இங்கே கேள்வி. உங்கள் மென்பொருள் கோஸ்ட்ஸ்கிரிப்டைத் தனி நிரலாக வைத்து, கட்டளை வரியில் (உரைக் கட்டளை மூலம்) அழைத்து, வெளிவரும் கோப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது என்றால், அவை இரண்டும் பொதுவாகத் தனித்தனி நிரல்களே என்பது இந்த உரிமத்தை வகுத்த கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விளக்கம். அதன் லைப்ரரியை (பிற நிரலுக்குள் சேர்க்கக்கூடிய நிரல் தொகுப்பை) உங்கள் நிரலோடு இணைத்துக் கட்டியிருந்தால் நிலைமை வேறு. இதைத் திறமூலக்காரர்கள் வழக்குக்குப் போகமாட்டார்கள் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஹன்காம் என்ற கொரிய நிறுவனம் தன் அலுவலக மென்பொருளில் கோஸ்ட்ஸ்கிரிப்டைச் சேர்த்துவிட்டு, அதற்கு அப்போதிருந்த, ஏஜிபிஎல்லைப் போன்ற ஜிபிஎல் உரிமத்தின்படி மூலநிரலையும் தராமல், வணிக உரிமமும் வாங்காமல் இருந்ததாக ஆர்ட்டிஃபெக்ஸ் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. ஜிபிஎல்லை மீறியது ஒப்பந்த மீறலாகவும் ஆகக்கூடும் என்று கூறி, வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய 2017இல் நீதிமன்றம் மறுத்தது. பின்னர் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. வணிக உரிமம் வாங்கலாம். கோஸ்ட்ஸ்கிரிப்டை உடன் அனுப்பாமல், வாடிக்கையாளரே நிறுவிக்கொள்ளும்படி விட்டு, கட்டளை வரியில் மட்டும் அழைக்கலாம். அல்லது அதை நீக்கிவிட்டுத் தளர்வான உரிமம் கொண்ட ஒன்றுக்கு மாறலாம். பக்கங்களைப் பிரித்து அடுக்கும் வேலைக்கு அப்பாச்சி 2.0 உரிமத்தில் வரும் க்யூபிடிஎஃப் போதுமா என்று பாருங்கள். பணமும் நாளும் உங்களுக்கே தெரியும் என்றாலும், நீண்ட நாள் விற்கப்போகும் பொருளுக்கு மூன்றாவது வழியே நிம்மதி. எதைத் தேர்ந்தாலும் மென்பொருளில் சேர்ந்துள்ள எல்லாப் பிறர் நிரல்களையும் அவற்றின் உரிமங்களோடு ஒரு பட்டியலாக்கி ஒப்பந்தத்தின் இணைப்பாக வையுங்கள். 9ஆம் பிரிவின் உறுதி "இணைப்பில் குறிப்பிட்டவை நீங்கலாக" என்று தொடங்கட்டும்.

பிரத்தியேகம் என்று கேட்பது

"வேறு பெரிய நிறுவனத்துக்கு விற்கமாட்டேன், அவ்வளவுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு அல்ல. பிரத்தியேக உரிமம் என்றால், வேறு ஏற்பாடு எழுதப்படாத வரை, அதன் எல்லைக்குள் நீங்களே உங்கள் மென்பொருளை விற்கக்கூடாது என்றாகிவிடும். அமெரிக்கச் சட்டம் பிரத்தியேக உரிமத்தைப் பதிப்புரிமை உடைமையின் மாற்றமாகவே வகைப்படுத்துகிறது. உங்கள் வரைவில் நிலப்பரப்பும் துறையும் குறிப்பிடப்படாததால் எல்லை என்பதே இல்லை. கையெழுத்திட்ட மறுநாள் உங்கள் நாற்பது அச்சகங்களில் ஒன்று கணினியை மாற்றிவிட்டுப் புதிதாக நிறுவித் தரச் சொன்னால், அதைச் செய்வதே ஒப்பந்த மீறலாகலாம். மூன்று ஆண்டு கழிந்து உரிமை திரும்பும்போது அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பெரிய தொகையாகத் தெரிவதை இந்த இழப்போடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

போட்டி நிறுவனங்கள் கையில் இது சேரக்கூடாது என்பதுதான் அவர்களின் உண்மையான தேவை என்று நினைக்கிறேன். அப்படியானால் அதை நேரடியாகவே எழுதிவிடலாம். உரிமம் பிரத்தியேகமற்றது, ஆனால் பெயர் குறிப்பிட்ட சில போட்டி நிறுவனங்களுக்கு ஓராண்டோ பதினெட்டு மாதமோ விற்கமாட்டீர்கள் என்ற உறுதி. அல்லது அவர்களுக்கென்றே தனியாக எழுதித் தரும் பகுதிக்கு மட்டும் பிரத்தியேகம். முழு மென்பொருளுக்கும் பிரத்தியேகம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், நாடு, துறை, காலம் ஆகிய மூன்று எல்லைகளும், ஆண்டுதோறும் தரவேண்டிய குறைந்தபட்சத் தொகையும், அந்தத் தொகை வராவிட்டால் உரிமம் தானாகவே சாதாரண உரிமமாகிவிடும் என்ற வரியும் வேண்டும். இருக்கிற வாடிக்கையாளர்களுக்கு விற்பனையும் பராமரிப்பும் எப்போதும் தொடரும் என்ற விலக்கு எந்த வடிவிலும் விட்டுக்கொடுக்கக் கூடாதது.

"அவர்களின் துணை நிறுவனங்கள், கூட்டு நிறுவனங்கள்" என்ற சொற்கள் எங்கெல்லாம் வருகின்றன என்றும் தேடுங்கள். இன்று ஆறு கிளைக்கு விற்றது, நாளை அவர்கள் வாங்கும் இன்னொரு அச்சு நிறுவனத்துக்கும் காசின்றிப் போகும் வழி அதுவே. எத்தனை கணினி, எத்தனை கிளை என்று எண்ணிச் சொல்லிவிட்டால் போதும்.

மூலநிரலும் மேம்பாடுகளும்

தனி ஆளிடம் மென்பொருள் வாங்கும் எந்த நிறுவனத்துக்கும் வரும் அச்சம் நியாயமானது. நீங்கள் நோயுற்றால், வேறு வேலைக்குப் போய்விட்டால், தொலைபேசியை எடுக்காவிட்டால் அவர்கள் அச்சு இயந்திரம் நின்றுவிடக்கூடாது. மூலநிரல் கேட்பது பெரும்பாலும் இந்த அச்சத்தினால்தான். அதற்கு மூலநிரலையே ஒப்படைக்க வேண்டியதில்லை. எஸ்க்ரோ என்ற ஏற்பாடு இருக்கிறது. இரு தரப்பும் ஏற்கும் மூன்றாம் தரப்பிடம் மூலநிரலை வைப்பாக வைத்து, ஒப்பந்தத்தில் குறித்த நிகழ்வு நேர்ந்தால் மட்டும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படும்.

இதில் உயிர் இருப்பது நிகழ்வுகளின் வரையறையில். "பராமரிப்பு திருப்தியாக இல்லாவிட்டால்" என்று எழுதினால் ஒரு கோபமான மின்னஞ்சலே போதுமான சாக்காகிவிடும். நொடிப்பு, தொழிலைக் கைவிடுதல், அச்சை நிறுத்தும் அளவுக்கான கோளாறை எழுத்து மூலம் அறிவித்த பின்னும் குறித்த நாள்களுக்குள் கவனிக்காமை என்று அளக்கக்கூடியவற்றை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். வெளியே போன மூலநிரலை அவர்கள் தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்குத் திருத்தலாம், பிறருக்குத் தரக்கூடாது என்றும் எழுதுங்கள். அவர்கள் தரப்பில் கேட்கக்கூடிய நியாயமான ஒன்றும் உண்டு. வைப்பில் இருப்பதை வைத்து உண்மையிலேயே இயங்கும் மென்பொருளைக் கட்ட (உருவாக்க) முடியுமா என்று சோதிக்க விரும்புவார்கள். ஆகவே ஒவ்வொரு பெரிய பதிப்பின்போதும் வைப்பைப் புதுப்பித்து, கட்டும் முறையைப் படிப்படியாக விளக்கும் குறிப்பையும், தேவைப்படும் லைப்ரரிகளின் பதிப்பு எண்களையும் சேர்த்து வையுங்கள். எஸ்க்ரோவின் செலவை, அதைக் கேட்கும் தரப்பு ஏற்பதே முறை.

"இனிச் செய்யும் எல்லா மேம்பாடுகளும் எங்களுடையவை" என்ற பிரிவைக் கடுமையாக எதிர்க்கச் சொல்வேன். அதை ஏற்றால், வேறொரு அச்சகத்துக்காக நீங்கள் சரிசெய்த சிறு பிழையும் அவர்களுடையதாகிவிடும். ஓரிரு ஆண்டில் உங்கள் மென்பொருளையே அவர்கள் அனுமதியின்றி விற்க முடியாத நிலை வரும். ஒப்பந்தத்துக்கு முன்பே இருந்தது, ஒப்பந்தத்துக்கு வெளியே உருவானது, பொதுப்படையான திருத்தங்கள் ஆகியவை உங்களுடையவை; அவர்கள் தனியே பணம் கொடுத்துக் கேட்டு, பிரித்தெடுக்கக்கூடிய வகையில் எழுதப்பட்டது மட்டும் அவர்களுடையது என்று கோடு போடுங்கள்.

"பொறுப்பல்ல" என்ற வரி

அந்த ஒரு வரி உங்களைக் காக்காது. வேண்டுமென்றே செய்த கேட்டுக்கு முன்கூட்டியே பொறுப்பைத் துறக்க முடியாது என்று ஜெர்மானியக் குடிமைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. கடும் கவனக்குறைவு, உயிர்ச்சேதம், நுகர்வோர் உரிமை போன்றவற்றில் பல நாடுகள் இதேபோல் வரம்பிட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் துறக்கும் வாசகத்தை முழுவதுமாகச் செல்லாது என்று ஒதுக்கிவிடும் நீதிமன்றங்களும் உண்டு. அப்போது அளவான வரம்பு தந்திருக்கக்கூடிய பாதுகாப்பும் போய்விடும். தவிர, ஒரே ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு வரம்பில்லாத இழப்பீடு என்று சொல்லும்போது, இன்னொரு மூலையில் செருகிய பொதுவான வரி அதை வெல்லும் என்று நம்புவதற்கில்லை.

நிகழக்கூடிய சேதம் என்ன என்று உங்கள் தொழிலிலேயே பாருங்கள். பதினாறு பக்க பாரம் (ஒரே தாளில் அச்சாகும் பக்கத் தொகுதி) ஒன்றில் முதல் பக்கத்தின் பின்புறம் இரண்டாம் பக்கம் விழ வேண்டும். பிழையால் அங்கே நான்காம் பக்கம் விழுந்து, யாரும் கவனிக்காமல் முழு ஓட்டமும் ஓடிவிட்டால், தாளும் மையும் கூலியும் போவதோடு, புத்தகம் தாமதமானதற்குப் பதிப்பாளர் கேட்கும் இழப்பும் சேரும். உங்கள் உரிமக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு அது இருக்கக்கூடும். ஆகவே மூன்று வரிகளைக் கேளுங்கள். ஒன்று, ஓட்டத்துக்கு முன் மாதிரித் தாளை மடித்துச் சரிபார்ப்பது வாடிக்கையாளரின் கடமை, அதைச் செய்யாமல் ஏற்பட்ட சேதத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. இரண்டு, இலாப இழப்பு போன்ற தொடர்விளைவுச் சேதங்கள் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு விலக்கப்படும். மூன்று, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்கள் பொறுப்பு, அதற்கு முந்தைய 12 மாதங்களில் அவர்கள் கட்டிய தொகையைத் தாண்டாது. மென்பொருள் ஒப்பந்தங்களில் இந்த மூன்றாவது வரம்பு மிகச் சாதாரணம். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

பிறருடைய பதிப்புரிமையை மீறிய குற்றச்சாட்டு வந்தால் அதற்கு மட்டும் உயர்ந்த வரம்பு வேண்டும் என்பார்கள். அது நியாயமே. நண்பரின் ஆவணமும் லைப்ரரிப் பட்டியலும் கையில் இருந்தால் அதற்கு நீங்கள் துணிந்து சம்மதிக்கலாம். அங்கும் ஒரு தொகை எழுதப்பட வேண்டும், வரம்பின்மை கூடாது. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு கிடைக்குமானால் அதன் தொகையையே வரம்பாக வைக்கலாம்.

நாற்பது அச்சகங்களிடம் இருக்கும் உரிமம்

இதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரவல் வாங்கிய உரிம வாசகம் எழுதியவரின் பதிப்புரிமைக்கு உட்பட்டதாக இருக்கலாம் என்பது சிறிய சிக்கல். அந்த வாசகம் உங்கள் தொழிலுக்குப் பொருந்தவில்லை என்பதே பெரிய சிக்கல். நீங்கள் அனுப்பிய பிரதியில் உங்களிடம் இல்லாத உதவி மையமும், நீங்கள் கால் வைத்திராத ஒரு மாநிலத்தின் நீதிமன்றமும் இருக்கின்றன. ஒரு பத்தி முழுவதும் பெரிய ஆங்கில எழுத்துகளில் இருப்பதும் அழகுக்காக அன்று. விற்பனைக்குரிய தரம் பற்றிய உத்தரவாதத்தை எழுத்தில் விலக்குவதானால், அது கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்க வணிகச் சட்டம் கேட்பதால் வந்த பழக்கம் அது.

அதைவிட முக்கியம், அந்த உரிமத்தை யாராவது ஏற்றுக்கொண்டார்களா என்பது. கோப்புறைக்குள் கிடக்கும் உரைக்கோப்பைத் திறந்து பார்க்காதவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று சொல்வது கடினம். நெட்ஸ்கேப் நிறுவனம் தொடர்பான 2002ஆம் ஆண்டு வழக்கில், பதிவிறக்கும் பொத்தானுக்குக் கீழே, திரையை நகர்த்தினால் மட்டும் தெரியும் இடத்தில் உரிமத்துக்கான இணைப்பு இருந்தது. அதைப் பார்க்காமலே பதிவிறக்கியவர்களை உரிமம் கட்டுப்படுத்தாது என்றது அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம். இனி வரும் பதிப்பில், நிறுவும் முன்பே உரிமத்தைத் திரையில் காட்டி, முன்கூட்டியே குறியிடப்படாத கட்டத்தில் வாங்குபவரே குறியிட்ட பிறகுதான் தொடரும்படி செய்யுங்கள். எந்தப் பதிப்பு உரிமத்தை எந்தத் தேதியில் ஏற்றார் என்று பதிவு வையுங்கள். விலைப்புள்ளியிலும் விலைப்பட்டியலிலும் உரிமத்தைக் குறிப்பிடுங்கள்.

ஒருமுறை பணம், என்றென்றும் பயன்பாடு என்ற முறையைத் தொடர்வதானால் அதன் ஒரு விளைவைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே தொகைக்குக் கால வரம்பின்றித் தரப்பட்ட மென்பொருள் பிரதி விற்கப்பட்டதாகவே கொள்ளப்படும், தம் பிரதியை அழித்துவிட்டு வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட் வழக்கில் 2012இல் தீர்ப்பளித்தது. உரிமத்தில் தடை எழுதியிருந்தும் அது செல்லவில்லை. அதற்கு இரண்டாண்டு முன்னர் ஆட்டோடெஸ்க் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நேரெதிராக, உரிமம் என்று தெளிவாகச் சொல்லி, கைமாற்றத்தையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தியிருந்தால் அது விற்பனை ஆகாது என்றது. மறுவிற்பனை உங்களை உறுத்துமானால் ஆண்டுச் சந்தா முறையை எண்ணிப் பாருங்கள். உறுத்தாவிட்டால் விட்டுவிடுங்கள்; அச்சகங்கள் ஒருமுறை கட்டுவதையே விரும்புகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டு வாரக் கெடு

நீதிமன்றம், வரி இரண்டையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அயல்நாட்டு நீதிமன்றத்துக்குப் பதில் நடுநிலையான ஓர் இடத்தில் நடுவர் மன்றம் கேட்கலாம். 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையால் 170க்கும் மேற்பட்ட நாடுகளில் நடுவர் தீர்ப்பை நிறைவேற்ற முடியும். சிறிய தொகைத் தகராறுக்கு அதன் செலவே அதிகம் என்பதால், ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழ் இணையவழி விசாரணை, ஒரே நடுவர் என்று எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உரிமத் தொகையில் அவர்கள் வரி பிடித்துக்கொண்டு அனுப்பக்கூடும். பிடித்தம் போகக் கையில் வருவது எவ்வளவு, அந்த வரியை உங்கள் நாட்டில் ஈடுகட்ட முடியுமா என்று கணக்காயரிடம் கேட்காமல் விலையை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பேரம் பேச என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். அவர்களாகத் தேடி வந்து, 14 பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இதே வேலையைச் செய்யும் பொருள் எளிதாகக் கிடைத்திருந்தால் ஒரு தனி ஆளிடம் வந்திருக்கமாட்டார்கள். அவர்கள் அனுப்பியது முதல் வரைவு, அதாவது அவர்களின் விருப்பப் பட்டியல். கெடுவும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் ஆர்வமாக இருப்பதாகவும், உரிமைகளைச் சரிபார்த்துத் திருத்தங்களை அனுப்ப ஒரு மாதம் தேவைப்படுவதாகவும் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த மாதத்தின் முதல் வாரத்தில் நண்பரோடு உட்காருங்கள், அடுத்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் எப்படி இணைந்திருக்கிறது என்று பாருங்கள், அதன் பிறகே திருத்த வரைவுக்கு உங்கள் நாட்டு வழக்கறிஞர் ஒருவரை அமர்த்துங்கள். நான் இங்கே சொன்னவை பொது நிலைகள். உங்கள் நாட்டுச் சட்டமும், அவர்கள் நாட்டுச் சட்டமும் சில இடங்களில் வேறுபடும், அதை அவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பேச்சு நடக்கும் காலத்தில் "எங்கள் தொழில்நுட்பக் குழு ஒரு பார்வை பார்க்கட்டும்" என்று சொல்லி மூலநிரலைக் கேட்டால் அனுப்ப வேண்டாம். அவர்கள் சோதித்துப் பார்க்க, 30 நாளில் தானாக நின்றுவிடும் சோதனைப் பதிப்பும், அதை அச்சு ஓட்டத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லும் ஒரு பக்கச் சோதனை உரிமமும் போதும்.